அளவெடுக்கப் போனவள்

பிப்ரவரி. தார்த்து நகரம். ஐந்தாம் மாடி.
லிஃப்ட் கிடையாது என்று போனில் யாரும் சொல்லவில்லை.
வாசலில் பூட்ஸைக் கழற்றினேன்.
காலுறை ஓட்டை வழியே
கட்டைவிரல் எட்டிப் பார்த்தது.
ஐமே பார்த்தாள்; பார்க்காதவள் போல
கம்பளிச் செருப்பை என் பக்கம் தள்ளினாள்.

சமையலறை ஆறே சதுர மீட்டர்.
சோவியத் காலத்துக் கான்கிரீட் பலகைச் சுவர்கள்.
தரையோரம் அளந்தேன்: இரண்டு மீட்டர் நாற்பது.
இடுப்புயரத்தில் இரண்டு முப்பத்தெட்டு.
கூரையடியில் இரண்டு முப்பத்தைந்து.
"முப்பது வருஷமா நேராத்தானே நின்னுது" என்றார் உர்மாஸ்.
எல்லா வீட்டிலும் கேட்கிற வசனம்தான்.
அளக்கும்வரை எந்தச் சுவரும் நேர்.

ஐமே ஒரு உறை நிறையப் படங்கள் வைத்திருந்தாள்,
எல்லாம் பாசிப்பச்சை.
நிறம் கடைசியில், என்றேன்.
முதலில் சொல்லுங்கள்:
கடையிலிருந்து வந்ததும் பையை எங்கே இறக்குகிறீர்கள்?
உருளைக்கிழங்கு வெந்த தண்ணீரை வடிக்க
கொதிக்கும் பானையோடு எத்தனை எட்டு?
ஃபிரிட்ஜ் கதவு யார் முழங்கையில் இடிக்கும்?
"என்னோடது" என்றார்கள் இருவரும்.

நீல ஒட்டுநாடாவைத் தரையில் இழுத்து ஒட்டினேன்.
இது அடுப்பு. இது தொட்டி. இது நீங்கள் நிற்கும் இடம்.
இப்போது தேநீர் போடுங்கள், பார்க்கலாம்.
இல்லாத குழாயைத் திறந்து
இல்லாத கெட்டிலை நிரப்பினார் உர்மாஸ்,
திரும்பும்போது மனைவியின் மேல் மோதினார்.
தொட்டியை ஒரு சாண் நகர்த்தினேன்.
வாயுக்குழாயை நகர்த்தலாமா என்றாள்.
அது கடவுள் மாதிரி, என்றேன்.
நாம்தான் சுற்றிப் போகவேண்டும்.

பிறகு, பழக்கத்தில் கேட்டேன்:
எத்தனை பேர் உட்கார்ந்து சாப்பிடுவீர்கள்?

"ரெண்டு" என்றாள்.
"மூணு" என்றார்.
ஒரே மூச்சில்.

ஃபிரிட்ஜ் அந்நேரம் பார்த்து உறுமி நின்றது.

"ரெய்மோ செப்டம்பர்ல வர்றான்."
"விடுவாங்கன்னுதான் கடிதாசி.
வருவான்னு அதுல இல்லை."

எங்கிருந்து என்று நான் கேட்கவில்லை.
என் நோட்டில் அதற்குக் கட்டம் கிடையாது.
கண்ணாடிக்கு வெளியே, பால்கனியில்,
பனி ஏறி உட்கார்ந்திருந்தது
மூன்றாவது நாற்காலியில்.

பென்சிலைத் திருப்பி அழித்தேன். திரும்ப வரைந்தேன்.
அந்தச் சாய்ந்த சுவரில்,
பின்னால் ஆப்பு கொடுத்து,
ஒரு மடிப்புப் பலகை.
மடக்கினால் மேசை இருவருக்கு.
விரித்தால் இன்னொரு தட்டு.

ஐமே காகிதத்தை ஜன்னல் பக்கம் கொண்டுபோனாள்.
வெகுநேரம் கழித்துக் கேட்டாள்:
"கீல் எத்தனை நாள் தாங்கும்?"
நல்லதாக வாங்கினால், தினமும் திறந்து மூட, இருபது வருஷம்.
"தொறக்கவே இல்லைன்னா?"
இறுகிப்போகும்.
மாதம் ஒருமுறை சும்மாவாவது விரித்து வையுங்கள்.

மீதி எல்லாம் கணக்கு.
ஐந்து வாரம் வேலை. அதுவரை
பாத்திரம் கழுவக் குளியல் தொட்டி.
பணத்தில் ஆறில் ஒரு பங்கைத் தொடாதீர்கள்;
சுவரைத் திறந்தால் உள்ளே என்ன இருக்குமென்று
எனக்கும் தெரியாது.

"அவனுக்குப் பச்சை பிடிக்காது" என்றார் உர்மாஸ்.
"பிடிக்கலைன்னு அவன் வந்து சொல்லட்டும்" என்றாள்.

இரண்டாம் மாடி இறங்கியபின்தான் பார்த்தேன்,
காலில் அவர்கள் செருப்பு.
மூச்சிரைக்க ஏறினேன். கதவு பூட்டியிருக்கவில்லை.
பால்கனி நாற்காலி உள்ளே வந்திருந்தது,
நீலக் கோடுகளுக்குள்,
சரியாகப் பலகை விரியும் இடத்தில்.
பனி உருகிச் சொட்டச் சொட்ட
துணியும் கையுமாய் மண்டியிட்டிருந்தாள் ஐமே.
"நாடா நனையுது, நாடா நனையுது" என்று
கணவனைத் திட்டிக்கொண்டே துடைத்தாள்,
நாற்காலியை மட்டும் நகர்த்தாமல்.

செருப்பை ஓரமாக வைத்துவிட்டு
பூட்ஸைக் கையில் எடுத்துக்கொண்டேன்.
படியில் உட்கார்ந்துதான் மாட்டினேன்.